இலக்கத்தகடு இல்லாத கார்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கும் எங்கள் கராஜில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. அதற்குள் ஸ்பார்க் பிளக் பெட்டிகளுக்கு நடுவே ஒரு சிவப்பு மொடல் கார். நிஜக் காரின் பதினெட்டில் ஒரு பங்கு அளவு. ஃபெராரி எஃப்எக்ஸ்எக்ஸ். ஓட்டோவுக்கு ஒயில் மாற்ற வருபவர், பிரேக் கட்டைக்கு வரும் காத்தான்குடிக் காக்கா, ரியூசன் முடிந்து வரும் பொடியன்கள் என்று எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுக் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். வளைகுடாவில் ஒரு பந்தய ஓடுதளத்தில் ஐந்து வருடம் டயர் வேலை பார்த்துவிட்டு வந்தவன் நான். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன்.

இது என்ன கார்? ஏன் இலக்கத்தகடு இல்லை?

ஃபெராரி நிறுவனம் 2002 இல் என்ஸோ என்ற காரை வெளியிட்டது. நிறுவனரின் பெயரையே வைத்த கார். மொத்தம் 400 தான் செய்தார்கள். அதை அடிப்படையாக வைத்து 2005 இல் செய்ததுதான் எஃப்எக்ஸ்எக்ஸ். 12 சிலிண்டர், 6262 சிசி, நிமிடத்துக்கு 8500 சுற்றில் ஏறத்தாழ 800 குதிரை வலு. எங்கள் ஊரில் ஓடும் ஓட்டோவின் எஞ்சின் 200 சிசி என்று வைத்தால், முப்பத்தொரு ஓட்டோ எஞ்சின் ஒரே மூடிக்குள்.

வீதியில் ஓடும் கார் என்றால் அரசாங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். புகை இவ்வளவு, சத்தம் இவ்வளவு, விளக்கு இந்த உயரத்தில், மோதினால் ஆள் தப்ப இன்னின்ன ஏற்பாடு என்று ஒரு நீளமான பட்டியல். எஃப்எக்ஸ்எக்ஸ் ஓடுதளத்தில் மட்டும் ஓடும் கார், ட்ராக் கார் என்பார்கள். அதற்கு அந்தப் பட்டியலே இல்லை. பதிவதற்கு வழியில்லாதபோது தகடு எப்படி வரும்?

அப்படியென்றால் ரேஸ் கார் என்று சொல்லுங்கள்.

அதுவும் இல்லை. இங்கேதான் எல்லோரும் தடுமாறுவது. ரேஸ் காருக்கும் சட்டப்புத்தகம் உண்டு. எடை இதற்குக் கீழே போகக்கூடாது, வலு இதற்கு மேலே ஏறக்கூடாது, இறக்கை இந்த அளவுதான். எல்லாரும் ஒரே கோட்டில் நின்று ஓட வேண்டுமே. எஃப்எக்ஸ்எக்ஸ் எந்தப் போட்டிக்காகவும் செய்யப்படவில்லை. வீதிச் சட்டமும் இல்லை, பந்தயச் சட்டமும் இல்லை. பொறியியலாளருக்குக் கையைக் கட்டாமல் விட்டால் என்ன செய்வார் என்பதுதான் இந்த வகைக் கார். லம்போர்கினியின் செஸ்டோ எலமென்டோ முழுக் கார்பன் உடம்போடு 999 கிலோ எடையில் வந்தது அப்படித்தான்.

போட்டியும் இல்லை, வீதியும் இல்லை. பிறகு எதற்கு?

கொக்கட்டிச்சோலைத் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் யாரும் நெல்மூட்டை ஏற்றுவதில்லை. வருடம் முழுக்கக் கொட்டகைக்குள் நிற்கும். திருவிழா அன்று வெளியே வரும், ஒரு சுற்றுச் சுற்றும், திரும்பிப் போகும். அந்த ஒரு சுற்றுக்கு வடம் பிடிக்க, கட்டை போட, வழி பார்க்க என்று எத்தனை பேர்! 'எதற்கு இது?' என்று தேரைப் பார்த்து யாரும் கேட்டதில்லை.

ட்ராக் காரும் அப்படித்தான் வெளியே வரும். ஒரு நாள் குறிப்பார்கள். லொறியில் கார் வரும். அதோடு எஞ்சினுக்கு ஒருவர், கணினிக்கு ஒருவர், டயருக்கு நாலு பேர். கார்ச் சொந்தக்காரர் விமானத்தில் வருவார். இருபது நிமிடம் ஓட்டுவார், இறங்குவார், தண்ணீர் குடிப்பார். அவ்வளவுதான் திருவிழா.

வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதாமே, உண்மையா?

எஃப்எக்ஸ்எக்ஸைப் பொறுத்தவரை திட்டமே அப்படித்தான். விலை வரி நீங்கலாக ஏறத்தாழ 15 இலட்சம் யூரோ. ஆனால் கார் பெரும்பாலும் நிறுவனத்தின் பராமரிப்பில் இத்தாலியில் நிற்கும். ஓட்ட வேண்டும் என்றால் நிறுவனம் குறித்த நாளில், குறித்த ஓடுதளத்துக்கு அவர்களே கொண்டுவருவார்கள். ஓடும்போது கார் அனுப்பும் தகவல் எல்லாம் பொறியியலாளரின் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். வாங்கியவர்களை 'வாடிக்கையாளர் சோதனை ஓட்டுநர்கள்' என்றே ஃபெராரி அழைத்தது. அதாவது காசும் கொடுத்து, வேலையும் பார்த்துக் கொடுக்கிறார்கள். கேட்டதும் எங்கள் மேஸ்திரி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

லம்போர்கினி 2020 இல் எஸ்ஸென்ஸா எஸ்சிவி12 என்று ஒரு ட்ராக் காரை 40 மட்டும் செய்வதாக அறிவித்தது. அவற்றை நிறுத்தி வைக்கத் தொழிற்சாலை இருக்கும் சாந்தகாத்தா ஊரில் தனியாக ஒரு கொட்டகை. ஒவ்வொரு காருக்கும் கமரா. சொந்தக்காரர் உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் இரவு பகலாகத் தன் கார் நிற்பதைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருக்கலாம். கார் நிற்பதை. ஓடுவதை அல்ல.

எத்தனை கார்கள் செய்வார்கள்?

எஃப்எக்ஸ்எக்ஸ் வாடிக்கையாளருக்கு 29. முப்பதாவது கறுப்பு நிறத்தில், ஃபெராரியின் ஃபார்முலா ஒன் ஓட்டுநராக இருந்த மைக்கேல் ஷூமாக்கருக்கு. அஸ்டன் மார்டின் வல்கன் 24. அந்த 24 என்பது பிரான்சின் 24 மணிநேரப் போட்டியை நினைவூட்டுகிறது என்பது என் ஊகம்தான், யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. மக்லாரன் பி1 ஜிடிஆர் 58. புகாட்டி பொலிட் 40. கோர்டன் மரே வடிவமைத்த டி.50எஸ் நிக்கி லாடா 25.

இந்தக் கடைசிக் காரின் கதை எனக்குப் பிடிக்கும். 25 கார்களுக்கும் தனித்தனிப் பெயர். மரே வடிவமைத்த கார்கள் வென்ற கிராண்ட் பிரீ போட்டி ஒவ்வொன்றின் பெயரையும் ஒவ்வொரு காருக்கு வைத்தார்கள். முதல் காரின் பெயர் கியாலாமி 1974. தென்னாபிரிக்காவின் அந்த ஓடுதளத்தில்தான் அவருடைய கார் முதன்முதலாக வென்றது. 25 கார் என்றால் சும்மா எண்ணிக்கை, 25 பெயர் என்றால் ஒவ்வொன்றும் வேறு கார். சேகரிப்பவரின் மனம் எங்கே விழும் என்பது செய்பவருக்கு நன்றாகத் தெரியும்.

காசு இருந்தால் யாரும் வாங்கலாமா?

இல்லை, இதில்தான் விஷயமே இருக்கிறது. பி1 ஜிடிஆரை மக்லாரன் முதலில் காட்டியது ஏற்கெனவே பி1 வைத்திருந்தவர்களுக்கு. வீதிக் காரான பி1 மொத்தம் 375 தான். அதில் ஒன்றை வாங்கியவர், மேலும் 19 இலட்சத்து 80 ஆயிரம் பவுண் கொடுத்து, வீதியில் ஓட்டப் பதிவுத் தகடே இல்லாத இன்னொன்றை வாங்க வேண்டும். ஃபெராரியும் தன் பழைய வாடிக்கையாளரில் இருந்துதான் ஆட்களைத் தெரிந்தெடுத்தது.

அடுத்தது பழக்கம். வல்கன் வாங்கியவர்களைக் கம்பனி நேரடியாக அந்தக் காரில் ஏற்றவில்லை. சிறிய வலுவுள்ள அஸ்டன் கார்களில் பழக்கி, படிப்படியாகத்தான் விட்டது. வல்கனின் எஞ்சின் வலுவையே மூன்று படியாகத் திருகிக் கூட்டலாம். நீச்சல் தெரியாதவனை முகத்துவாரத்தில் இறக்குவோமா? முதலில் ஆற்றங்கரையில் இடுப்பளவுத் தண்ணீர்தான்.

சேகரிப்பவருக்கு இதில் அப்படி என்ன இருக்கிறது?

வேகம் என்று சொல்லுவார்கள். நான் நம்பவில்லை. நான் பார்த்த சொந்தக்காரர்களில் காரை அதன் எல்லைவரை ஓட்டக்கூடியவர் இரண்டு பேர் இருந்திருந்தால் அதிகம். மற்றவர்கள் வாங்கியது கதையை. இந்தக் கார் யாருக்காகச் செய்யப்பட்டது, யார் யார் கைமாறியது, எந்த நாளில் எந்த வளைவில் ஓடியது என்ற கதை. எண்ணிக்கை குறையக் குறைய அந்தக் கதையைச் சொல்லக்கூடிய ஆட்களும் குறைவு. 30 பேர் மட்டும் உள்ள ஒரு கூட்டத்தில் நீங்கள் ஒருவர் என்பதுதான் சரக்கு. கார் அதற்கான அடையாள அட்டை.

கதைக்கு விலை இருக்கிறது என்பதற்கு எங்கள் கரையையே தொடும் ஒரு உதாரணம் சொல்கிறேன். என்ஸோ 399 செய்வதாகத்தான் பேச்சு. அதற்கு மேல் 2005 இல் இன்னொன்று, நானூறாவது, செய்து வத்திக்கானுக்கு, அப்போதைய பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பருக்குக் கொடுத்தார்கள். அதை ஏலத்தில் விட்டு, வந்த பணத்தைச் சுனாமியில் பாதிக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கினார்கள். 2004 டிசம்பர் 26. நாவலடியும் கல்லடியும் கல்முனையும் மருதமுனையும் சாய்ந்தமருதும் என்ன ஆனது என்று இங்கே யாருக்கும் நான் எழுதிக் காட்டத் தேவையில்லை. இலங்கையில் கூடுதல் உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கும் மேல். அந்தக் கார் அன்று ஒரு மில்லியன் டொலருக்குச் சற்று மேலே போனது. 2015 இல் திரும்ப ஏலத்துக்கு வந்தபோது ஆறு மில்லியன் டொலரைத் தாண்டியது. எஞ்சின் அதே எஞ்சின், டயர் நாலு. மற்ற என்ஸோக்களை விட அதில் கூட இருந்தது கடைசி என்ற இலக்கமும் பாப்பரசரின் பெயரும்தான்.

எனக்கு அதில் ஒரு கசப்பும் உண்டு. கூடின அந்த ஐந்து மில்லியன் விற்றவருக்குப் போனது. அது ஏலத்தின் இயல்பு, பிழை என்று சொல்ல வரவில்லை. ஆனால் நாவலடிப் பக்கம் காற்று வாங்கப் போகும்போது சில நேரம் அந்தக் கணக்கு மனதுக்குள் ஓடும்.

சரி, கதைக்கு அப்பால் இன்னொரு காரணமும் இருக்கிறது, அதையும் மறைக்கக்கூடாது. சத்தம். டர்போ இல்லாத 12 சிலிண்டர் எஞ்சின் 8500 சுற்றுக்கு ஏறும்போது ஓடுதள ஓரத்தில் நாங்கள் நிற்கும் பிட் சுவரில் கை வைத்திருந்தால் சுவர் நடுங்குவது தெரியும். காதால் கேட்பதைவிட நெஞ்சுக்கூட்டால் கேட்பதுதான் அதிகம். புகைச் சட்டங்கள் இறுகி வரும் காலத்தில் இனி இப்படி ஒன்றைச் செய்ய விடமாட்டார்கள் என்ற பயமும் வாங்குபவர்களைத் தள்ளுகிறது.

டயருக்குக் கம்பளி போர்த்துவீர்கள் என்கிறீர்களே, பகிடியா?

பகிடி இல்லை, ஐந்து வருடம் எனக்குச் சோறு போட்டதே அதுதான். இந்தக் கார்களுக்குப் போடுவது வரி வெட்டு இல்லாத மொழுமொழு டயர், ஸ்லிக் என்பார்கள். சூடாக இருந்தால் தார் மாதிரி ஒட்டும். குளிர்ந்திருந்தால் பாசி பிடித்த கிணற்றுப்படி. அதனால் ஓடுவதற்கு ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் முன்பே மின்சாரக் கம்பளியைச் சுற்றி எண்பது பாகை அளவுக்குச் சூடாக்குவோம். வெளியே வளைகுடா வெயில் நாற்பதைத் தாண்டி நிற்கும். அதுக்குள்ளே நாங்கள் டயருக்குப் போர்வை போர்த்துவோம். ஊருக்கு எடுத்துச் சொன்னபோது அம்மா நம்பவேயில்லை.

ஓடி முடித்து வந்தால் அடுத்த வேலை. ஒட்டும் டயர் வழியில் கிடந்த றப்பர்த் துணிக்கை எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வரும். பலாக்காய் வெட்டின கத்தி மாதிரி ஆகிவிடும் மேற்பரப்பு. சூடான காற்றை அடித்து இளக்கி, தகட்டுக் கரண்டியால் சுரண்டி எடுக்க வேண்டும். அப்போதுதான் தேய்மானம் எவ்வளவு என்று அளக்கலாம். ஆழமாகச் சுரண்டினால் டயர் பழுது, மேலோட்டமாகச் சுரண்டினால் அளவு பிழை. அந்த எரிந்த றப்பர் மணம் மூன்று தரம் சவர்க்காரம் போட்டாலும் கையை விட்டுப் போகாது.

ஒரு நாள் நான் கம்பளியை ஐந்து நிமிடம் முந்திக் கழற்றிவிட்டேன். சொந்தக்காரர் தொலைபேசியில் கதைத்துக்கொண்டே நின்றார், டயர் ஆறிவிட்டது. முதல் வளைவிலேயே கார் பின்பக்கமாகச் சுழன்று மணலில் போய் நின்றது. ஆளுக்கும் காருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முன்னுதட்டில், அதாவது முன்பக்கத்துக் கீழ் விளிம்பில், மட்டும் ஒரு கீறல். அந்தக் கீறலின் விலையைச் சொன்னார்கள். என் இரண்டு வருடச் சம்பளம். நல்லகாலம், சம்பளத்தில் வெட்டவில்லை.

ஓடாமல் நிறுத்தி வைத்தால் செலவு இல்லைதானே?

அப்படி நினைத்துத்தான் எல்லோரும் ஏமாறுவது. பந்தய ஆசனப்பட்டிக்குக் காலாவதித் திகதி தைத்திருப்பார்கள், செய்த வருடத்தில் இருந்து ஐந்து வருடம். பெற்றோல் தாங்கி இரும்பு இல்லை, உள்ளே றப்பர்ப் பை. அதற்கும் ஐந்து வருடக் கணக்கு, பரிசோதித்து இன்னும் இரண்டு வருடம் நீட்டலாம். ஒரு கிலோமீற்றர் ஓடாவிட்டாலும் இவை முடிந்துவிடும். தீயணைப்புச் சிலிண்டருக்குத் தனிக் கணக்கு. ஸ்லிக் டயர் நின்றபடியே இறுகிப்போகும். வீட்டு முன்னால் மூடி வைத்த மோட்டார் சைக்கிளுக்கு மூன்று மாதத்தில் என்ன ஆகிறது என்று பாருங்கள், அதைப் பல மடங்காக்குங்கள்.

மட்டக்களப்பில் வைத்தால் உப்புக்காற்று வேறு. கார்பன் உடம்பு துருப்பிடிக்காது. ஆனால் பந்தயச் சில்லுகள் பல நேரம் மக்னீசியக் கலவை, அதற்கு உப்பு ஆகாது. கடற்கரையில் இருந்து முந்நூறு மீற்றரில் கராஜ் வைத்திருக்கிறவன் சொல்கிறேன், எனது ஸ்பானர்களே வருடத்துக்கு ஒரு தரம் நிறம் மாறுகின்றன.

இலங்கைக்குக் கொண்டுவர முடியுமா?

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துக் கலால் வரி, அதன் மேல் சொகுசு வரி, அதன் மேல் பெறுமதி சேர் வரி. 6262 சிசிக்கு அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள், எனக்குத் தலை சுற்றும். அவ்வளவும் கட்டினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவது நடக்காது. பதிவில்லை என்றால் வருமான அனுமதிப்பத்திரமும் இல்லை.

கல்லடிப் பாலத்தில் ஒரே ஒரு தரம், விடியப்புறம்?

பாலம் வரை வராது தம்பி. ஆஸ்பத்திரிக்கு முன்னால் இருக்கிற முதல் வேகத்தடையிலேயே முன்னுதடு கழன்றுவிடும்.

அப்போ இங்கே எங்கேதான் ஓட்டுவது?

நம் நாட்டில் பந்தயம் இல்லாமல் இல்லை. நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி 1934 இல் தொடங்கியது. தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில் இருக்கிறது. செங்கலடியில் இருந்து பதுளை வீதியால் ஏறி அதைப் பார்க்கப் போகிற பொடியன்கள் எனக்குத் தெரிய இருக்கிறார்கள். அது கிரவல் தடம், செம்புழுதி. களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்த பழைய விமான ஓடுபாதையிலும் ஓட்டம் நடக்கும். ஆனால் இந்த வகைக் காருக்கு வேண்டிய அகலம், ஓரத்தில் தப்பி நிற்க இடம், தடுப்பு, அப்படி ஒரு முழு ஓடுதளம் இங்கே இல்லை.

கிட்ட என்றால் சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையில் இருப்பது, சுற்று 3.7 கிலோமீற்றர். ஃபார்முலா ஒன் தரத்தில் வேண்டும் என்றால் டில்லிக்குப் பக்கத்தில் 5.125 கிலோமீற்றரில் ஒன்று, மலேசியாவின் செப்பாங் 5.543. ஒரு சுற்றை எங்கள் அளவில் சொன்னால், கல்லடிப் பாலத்தில் இருந்து காத்தான்குடி எல்லை தாண்டும் தூரம். அதை இந்தக் கார் ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் முடித்துவிடும்.

பிறகு மாற்றி வீதிக்கு இறக்க முடியாதா?

செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் லான்சான்ட் என்ற நிறுவனம் பி1 ஜிடிஆர்களை வீதிச் சட்டத்துக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தது. ஒரு வல்கனை ஆர்எம்எல் நிறுவனம் விளக்கு, சமிக்ஞை, உயரம் எல்லாம் மாற்றித் தகடு வாங்கிக் கொடுத்தது. எந்தச் சட்டமும் தொடாத கார் வேண்டும் என்று கொட்டிக் கொடுத்து வாங்கிவிட்டு, திரும்பக் கொட்டிக் கொடுத்து அதைச் சட்டத்துக்குள் கொண்டுவருகிறார்கள். எனக்கு இது விளங்காமல் இருந்தது. அப்புறம் ஒரு சொந்தக்காரர் தன் காருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து, உடனே யாருக்கோ அனுப்பியதைப் பார்த்தேன். வீட்டு வாசலில் நிற்காத கார் அயலவனுக்குத் தெரியாதே.

இந்த வேலைக்கு எங்கள் பொடியன்கள் போகலாமா?

போகலாம். நான் போனது லொறி டயர் கழற்றிப் பழகின கையோடு, ஒரு சான்றிதழும் இல்லாமல். அதனால் ஐந்து வருடமும் டயரோடேயே இருந்தேன், எஞ்சின் பக்கம் விடவில்லை. நீங்கள் அந்தப் பிழையை விட வேண்டாம். மட்டக்களப்பில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, அம்பாறையில் ஹார்டி தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, கிளிநொச்சி அறிவியல்நகரில் ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. மோட்டார்த் தொழில்நுட்பத்தில் என்விகியூ என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு போங்கள். ஆங்கிலம் கொஞ்சம் கதைக்கப் பழகுங்கள். முறுக்குவிசை அளக்கும் ஸ்பானரை எப்படிப் பிடிப்பது என்று பார்க்க விரும்பினால் வாங்க, கராஜில் காட்டுகிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை குறைவு.

அலுமாரியில் இருக்கிற மொடலை விற்பீர்களா?

மாட்டேன். போன வருடம் கொழும்பில் இருந்து வந்த ஒருவர் நல்ல விலை கேட்டார், ஆனால் பெட்டியோடு வேண்டும் என்றார். பெட்டி இல்லாவிட்டால் பாதி விலைகூட இல்லையாம். பெட்டியில் என் மகள் யன்னல் வெட்டி, கதவு வெட்டி, பொம்மைக்கு வீடு கட்டியிருக்கிறாள்.